பக்கத்து வீட்டுச் சொற்கள்

ராசா,

இங்கே மழை விட்டுவிட்டது. அப்பாவுக்கு முழங்கால் வலி இந்தக் குளிருக்குக் கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீ திடீரென்று பெங்களூரிலிருந்து வந்து நின்றாய். சாப்பிட்டும் சாப்பிடாமலும் மத்தியான பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாய். பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு நீ சொன்னதைத்தான் அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். "'எனக்கு இங்க யாரும் இல்ல'ன்னு சொல்லிட்டு தேவி கன்னிவாடிக்கு, அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டாம்மா. கல்யாணம் ஆனதுல இருந்து கூடவே இருக்கேன். அப்ப நான் யாரும் இல்லையா? அதுக்கு என்ன அர்த்தம்? போனவ போகட்டும்" என்றாய். நான் பதிலுக்கு வாயைத் திறப்பதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். எனக்கு எப்போதுமே உடனே பேச வராது என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் இருவரில் யார் பக்கம் நியாயம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. நீ வெளியிலிருந்து மட்டும் பார்த்த ஒரு வீட்டைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். நீ அப்போது வத்தலக்குண்டு ஹாஸ்டலில் படித்தாய். லீவுக்கு மலைக்கு வரும்போது, "அம்மா டிக்ஷனரி வீட்டுக்குப் போயிருக்கா" என்று அப்பா சொல்வார், நீயும் விளையாடப் போய்விடுவாய். அந்த வீட்டில் நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது. சொல்லும் சந்தர்ப்பமும் வரவில்லை.

நாங்கள் இலங்கையிலிருந்து கப்பலில் வந்தவர்கள். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் பிறந்தவள் நான். அங்கே மிஷன் சிஸ்டர்கள் தயவில் இங்கிலீஷும் டைப்பிங்கும் படித்தேன். இங்கே வந்ததும் எங்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர் வைத்தார்கள். அதுவரை கண்ணாலும் பார்த்திராத ஊருக்கு நான் எப்படித் திரும்ப முடியும் என்று எனக்கு அப்போதே குழப்பம். உன் அப்பாவுக்குத் தைல மரம் வெட்டும் வேலை கிடைத்தது. எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தபோதுதான், பஜாருக்குக் கீழே ஒரு பழைய பங்களாவில் டைப் அடிக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

அந்த வீட்டில் இருந்தது இரண்டே பேர். சார் பழனிக்காரர், கோயில் ஊழியம் பார்த்த குடும்பம். கல்லூரியில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி கோமதி அக்கா. குழந்தைகள் இல்லை. தமிழில் படிக்கிற பிள்ளைகளுக்காக ஓர் இங்கிலீஷ் அகராதி செய்யவேண்டும் என்பது சாரின் ஆசை. அதற்காகவே குளிர்ந்த, சத்தமில்லாத ஊரைத் தேடி வந்திருந்தார். ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை என்று எழுதி, பிஸ்கட் டின்களில் அடுக்கி வைத்திருந்தார். மேகம் வீட்டுக்குள் புகுந்தால் அட்டைகள் நமத்துப்போகும். கணப்புக்கு முன்னால் பரப்பி, அப்பளம் காயவைப்பது போல அவற்றைக் காயவைப்பதும் என் வேலைதான்.

சொற்களை வரிசையாக அடுக்கி எதிரே பொருள் எழுதினால் அகராதி முடிந்தது என்று நான் நினைத்திருந்தேன். அடுக்குவது லேசான வேலை. ஒரு சொல்லின் அர்த்தங்கள் ஒன்றுக்கொன்று என்ன உறவு என்று கண்டுபிடிப்பதில்தான் சாரின் பாதி நாள் போகும். 'மவுத்' என்றால் வாய். ஆறு கடலில் சேருகிற இடமும் மவுத், பாட்டிலின் வாயும் மவுத், குகையின் வாசலும் மவுத். இவையெல்லாம் ஒரே அட்டையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு வரும். 'பேங்க்' என்றால் பணம் போடுகிற இடம், ஆற்றங்கரையும் பேங்க்தான். ஆனால் இவற்றை இரண்டு தனி அட்டைகளில் எழுதுவார். ஏன் என்று கேட்டேன். "மொதல்ல சொன்னது ஒரே வீட்டுக்குள்ள பல அறைம்மா. இது ஒரே பேரு வச்ச ரெண்டு வீடு. தபால்காரன் மாத்திக் குடுத்துடக் கூடாதுல்ல" என்றார்.

எல்லாம் இவ்வளவு சுலபமாகப் பிரியாது. 'இயர்' என்றால் காது. சோளக்கதிருக்கும் இயர் என்றுதான் பெயர். பழைய இங்கிலீஷில் இரண்டும் வேறு வேறு சொற்கள், பின்னால் ஒலி தேய்ந்து ஒன்றாகிவிட்டன என்று சார் சொன்னார். அதனால் தனி அட்டை. எனக்கு மனம் ஒப்பவில்லை. "செடிக்குக் காது மாதிரித்தானே சார் நிக்குது? படிக்கிற பிள்ளைக்கும் அப்படித்தானே தோணும்?" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சரித்திரம் ஒண்ணு சொல்லுது. பேசுறவன் மனசு ஒண்ணு சொல்லுது. எதைக் கேக்குறது?" என்றார். மறுநாள் இரண்டு அட்டையையும் தனித்தனியாகவே வைத்து, ஒவ்வொன்றின் கீழும் 'மற்றதையும் காண்க' என்று எழுதிவிட்டார். ஒவ்வோர் அட்டையின் அடியிலும் இப்படிச் சில வரிகள் உண்டு. இந்தச் சொல்லுக்கு நெருக்கமான சொல் எது, எதிர்ச்சொல் எது, இது எந்த இனத்தைச் சேர்ந்தது என்று எழுதியிருக்கும். அவற்றை டைப் அடித்து அடித்து, எந்தச் சொல்லைக் கேட்டாலும் அதன் அக்கம்பக்கத்தையும் சேர்த்து நினைக்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

கோமதி அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் என் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார். நான் அறையைக் 'காம்பரா' என்பேன், ரொட்டியைப் 'பாண்' என்பேன். "அது என்னம்மா காம்பரா? பொறாக்கூண்டு மாதிரி இருக்கு பேரு" என்பார். கேலிதான், ஆனால் வலிக்காது. மத்தியானம் எனக்கும் சேர்த்துத்தான் சோறு வடிப்பார். சார் சாப்பாட்டுக்கு வந்தாலும் கையில் அட்டையோடுதான் வருவார். என்ன குழம்பு என்றுகூடப் பார்க்கமாட்டார். ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே அக்கா என்னிடம் சொன்னார்: "வெள்ளனே எந்திரிச்சா அந்தச் சோலிதான். எங்கிட்டப் பேச அவருக்கு ஒண்ணும் இல்ல போல." புகாராகச் சொல்லவில்லை, இன்றைக்குக் குளிர் ஜாஸ்தி என்பது போலச் சொன்னார்.

அப்படியே இரண்டு மூன்று வருஷம் போனது. ஐப்பசி மழையில் ஒருநாள் காலையில் நான் போனபோது வாசலில் டாக்ஸி நின்றது. சாருக்கு வாய் கோணி, வலது கை விழுந்துவிட்டது. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். பொங்கலுக்குப் பிறகுதான் திரும்பினார்கள். கால் கொஞ்சம் தேறியிருந்தது. பேச்சுதான் கெட்டுப்போயிருந்தது. இங்கிலீஷ் அடியோடு போய்விட்டது. தமிழ் வந்தது, ஆனால் ஆள் மாறி வந்தது. "சொல்றதெல்லாம் அவருக்கு வெளங்குதாம். திருப்பிச் சொல்ல வர்றதுதான் வழி தப்பிப் போயிருதாம். டாக்டர் சொன்னாரு" என்றார் அக்கா.

'செருப்பு' என்று கேட்பார். எடுத்துக் கொடுத்தால் கையால் ஒதுக்கிவிடுவார். மறுபடியும் 'செருப்பு, செருப்பு' என்பார், முகம் சிவந்துவிடும். கடைசியில் பார்த்தால் காலுக்கு சாக்ஸ் கேட்டிருப்பார். காப்பியைத் தள்ளிவிட்டு 'உப்பு' என்பார். ஊரெல்லாம் மதிக்கிற மனுஷர், வார்த்தையே பிழைப்பாக இருந்தவர், ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கத் தடுமாறுவதைப் பார்க்க என்னால் முடியவில்லை. டைப்ரைட்டர் முன்னால் போய் உட்கார்ந்து சத்தம் போட்டு அடித்துக்கொண்டிருப்பேன்.

அக்காவுக்கு விழுந்த அடி வேறு. சார் அவரைத் 'தங்கச்சி' என்று கூப்பிட ஆரம்பித்தார். அடுப்படியில் வந்து, "இத்தனை வருசம் குடும்பம் நடத்திட்டு என்னையத் தங்கச்சிங்கிறாரேம்மா. நான் யாருன்னே மறந்துபோச்சா?" என்று அழுதார். அடுத்த வாரம் அதைவிடப் பெரியது வந்தது. அக்கா பக்கத்தில் போனாலே சார் 'போ' என்றார். கஞ்சி கொண்டுபோனால் 'போ'. போர்வையைச் சரி செய்தால் 'போ, போ'. பார்க்க வந்திருந்த சாரின் தம்பி இதைக் கேட்டுவிட்டார். பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருப்பவர், நல்ல மனுஷர்தான். "மதினி, அண்ணனுக்கு நெனப்புத் தப்பிப் போச்சு. ஒங்களையக் கண்டாலே ஆகல. நான் அவரப் பழனிக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்க கொஞ்ச நாளு ஒங்க அக்கா வீட்டுல இருங்க. ரெண்டு பேருக்கும் அதான் நல்லது" என்றார். அக்கா சரி என்றார். வீட்டைக் காலி செய்வதென்று முடிவாயிற்று. எனக்கும் அது சரியென்றே பட்டது.

கிளம்புகிற நாள் காலையில் சாருக்கு இட்லி வைத்தோம். அதைக் காட்டி அவர் 'தோசை' என்றார். நான் சட்னி ஊற்றினேன். ஊற்றிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. இட்லியை அவர் தோசை என்கிறாரே தவிர, குடை என்று சொல்லவில்லை. சாக்ஸைச் செருப்பு என்றார், சர்க்கரையை உப்பு என்றார். தப்பாகச் சொன்னாலும் வெகுதூரம் போகவில்லை, பக்கத்து வீட்டுக்குத்தான் போயிருக்கிறார். நினைத்தது ஒரு சொல், நாக்கு எடுத்தது அதன் அண்டைச் சொல். தங்கச்சி என்றால் அதுவும் வீட்டுப் பெண்தானே?

உள்ளே போய் அக்காவிடம் சொன்னேன். அவர் ரெக்சின் பையில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அப்ப அவரு 'போ'ங்கிறது 'வா'வா?"

"தெரியலக்கா. எதிர்ச்சொல்லையும் சார் அதே அட்டையிலதான் எழுதுவாரு. 'போ'வுக்கு ரொம்பக் கிட்டத்துல இருக்குறது 'வா'தான். ஆனா நெசமாவே போகத்தான் சொல்றாரோ என்னமோ."

"தெரியாத ஒண்ண நம்பி நான் எப்படிம்மா இருக்குறது?"

"கேட்டுப் பாருங்கக்கா."

அக்கா போய் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தார். "நான் போகட்டுமா?" என்று கேட்டார். சார் "ஆமா" என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, "நான் இருக்கட்டுமா?" என்றார். அதற்கும் "ஆமா" என்றார். ஆமாவும் இல்லையும்கூட அவருக்கு அண்டை வீடுகளாகிவிட்டன. இனி எந்தச் சொல்லை வைத்து எதைத் தெரிந்துகொள்வது? அக்கா எழுந்து, மிச்சத்தையும் மடித்து வைத்துப் பையை மூடி வாசல் பக்கம் கொண்டுபோய் வைத்தார்.

சார் அந்தப் பையைப் பார்த்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். காலை இழுத்து இழுத்து வாசலுக்குப் போய், இடது கையால் பையைத் தன் கட்டிலுக்கு இழுத்து வந்தார். நாங்கள் இருவரும் உதவிக்குப் போகாமல் பார்த்துக்கொண்டு நின்றோம். உட்கார்ந்து, ஜிப்பைப் பல்லால் கடித்துத் திறந்தார். மேலே இருந்த சேலையை எடுத்துக் கட்டிலில் வைத்து, "வேட்டி" என்றார். அடுத்ததை எடுத்து, "துண்டு" என்றார். அதற்கடுத்ததை "போர்வை" என்றார். ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தப்பான பெயர் சொல்லி, வரிசையாக வைத்தார். அடியில் இருந்த அரக்குப் பட்டுக்கு மட்டும் எந்தப் பெயரும் வரவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"வேட்டி இல்லைங்க. சேலை. எஞ்சேலை" என்றார் அக்கா. சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது, கூடவே அழுகையும். சார் தலையாட்டி, "வேட்டி" என்றார்.

பஜாரில் டாக்ஸி பேசிவிட்டுத் தம்பி வந்தார். "என்ன மதினி, இன்னும் கெளம்பலையா? வெரசா வாங்க, மேகம் எறங்கிரும்" என்றார்.

"நாங்க வரலப்பா. ரெண்டு பேரும் இங்ஙனயே இருந்துக்கிறோம்."

"அண்ணன் சொன்னாரா?"

"சொன்னாரு" என்றார் அக்கா.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. 'போ' என்றால் 'வா' என்று அக்கா பாடம் பண்ணிவைத்துக்கொண்டார், அதுவும் தப்பாகப் போனது. ஒருநாள் சார் 'போ' என்றார். அக்கா சிரித்துக்கொண்டே கிட்டே போனார். டம்ளர் பறந்தது. அன்றைக்கு அவர் நிஜமாகவே தனியாக இருக்க நினைத்திருக்கிறார். அதிலிருந்து அக்கா எதையும் தானாக முடிவு செய்வதில்லை. "சர்க்கரையா, உப்பா, மொளகா?" என்று மூன்றையும் முன்னால் வைத்துக் கேட்பார். சார் தொட்டுக் காட்டுவார். பின்னால் நான் அட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெயர் சொல்ல வராதவர், எந்த அட்டை எதோடு சேரும் என்று இடது கையால் பிரித்து வைத்தார், ஒன்றுகூடத் தப்பவில்லை. உறவெல்லாம் உள்ளே அப்படியே இருந்திருக்கிறது, வெளியே வரும் வழிதான் குழம்பியிருக்கிறது. அப்படியே இன்னும் சில டின்களை முடித்தோம். சார் காலமானதும் எல்லாவற்றையும் ஒரு நூலகத்துக்குக் கொடுத்தோம். யாராவது முடிப்பார்கள் என்றார்கள். முடித்ததாகத் தகவல் இல்லை.

அக்கா அதற்கு வருத்தப்படவில்லை. சாரின் தம்பி வீட்டோடு இருக்கப் பழனிக்குப் புறப்படும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி நாலஞ்சு வருசந்தாம்மா அவரு எங்கிட்டப் பேசுனாரு. ஒரு வார்த்தைய எடுக்க ரெண்டு பேரும் சேந்துல்ல தேட வேண்டியிருந்துச்சு" என்றார்.

ராசா, தேவி சொன்னதற்கு எதிர்ப்பதமாக எடுத்துக்கொள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது பெரிய தப்பு. அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் வேண்டாம்தான். ஆனால் 'யாரும் இல்ல' என்ற சொல்லுக்குள் எத்தனை அறை இருக்கிறது என்று நீ பார்த்தாயா? பேச ஆள் இல்லை என்று இருக்கலாம். உங்கள் தெருவில் தமிழ் பேசுகிறவர்களே கிடையாது என்று நீதான் ஒருமுறை சொன்னாய். உடம்புக்கு முடியாதபோது பக்கத்தில் ஆள் இல்லை என்று இருக்கலாம். எனக்காகப் பேச ஆள் இல்லை என்றும் இருக்கலாம். நீ நினைத்ததாகவும் இருக்கலாம். நமக்கு எது வலிக்கிறதோ அந்த அர்த்தத்தைத்தான் நாம் முதல் எண்ணில் போட்டுக்கொள்கிறோம். ஒரு சொல்லின் பொருள் தெரியாவிட்டால் வாக்கியத்தைப் பார், வாக்கியம் போதாவிட்டால் அதற்கு முந்தியதைப் பார் என்று சார் அடிக்கடி சொல்வார். நீ என்னிடம் சொன்னது ஒரு வரி. அதற்கு முன்னால் அவள் என்ன சொன்னாள்? அதற்கும் முன்னால் நீ என்ன சொன்னாய்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நேற்று நான் கன்னிவாடிக்குப் போய்வந்தேன். உன்னைக் கேட்காமல் போனது உனக்குப் பிடிக்காது, தெரியும். சமாதானம் பேசப் போகவில்லை. மருமகளைப் பார்க்கப் போனேன். மெலிந்திருக்கிறாள். எனக்குச் சோறு போட்டாள், கொஞ்சம் பேசினாள். அவள் பேசியதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது நான் உனக்குப் பொருள் எழுதிக் கொடுக்கிற விஷயம் அல்ல. நீ நேரில் போய், அவள் எதிரே உட்கார்ந்து, அவள் வாயால் கேட்டுக்கொள்ள வேண்டியது. கேட்டபிறகு அவள் வரமாட்டேன் என்றால் அதையும் கேட்டுக்கொள். கோபம் வந்தால் வெளியே போய்க் கொஞ்சம் நடந்துவிட்டு வா.

பஸ் ஏற்ற அவளே கூட வந்தாள். நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும், கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அவருக்கு அந்த இருமல் விட்டுச்சா அத்தை?" என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை நீ இருமினாயா என்று யோசித்துப் பார்த்தேன். உண்மையாகவே எனக்கு நினைவில்லை. "தெரியலம்மா" என்றேன். வண்டி நகர்ந்தது. அவள் கம்பியை விடாமல் கூடவே இரண்டு எட்டு வைத்தாள். "வருவான், கேட்டுக்கோ" என்று சொல்லிவிட்டேன்.

நீ வருவாய் என்று அவளிடம் நான் சொல்லியிருக்கிறேன், ராசா.

அம்மா